சொல் வாய்க்கு வரும் வழி

ஜனவரி 8, 2024

பொங்கல் லீவுக்கு முன்னால் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று மதுரையே முடிவு செய்துவிட்டது போல இன்று கோர்ட்டில் அப்படி ஒரு கூட்டம். மூச்சுவிட நேரமில்லை. நடுவில் கேன்டீனில் ஆறிப்போன வடை ஒன்று, அதுதான் மதியச் சாப்பாடு.

நான் நடத்துகிற மலையம்மாள் வழக்கைக் குடும்ப நல நீதிமன்றத்தில் கூப்பிட்டார்கள். வாடிப்பட்டிப் பெண், வீட்டிலேயே தையல் வேலை. அவளுக்கு வலிப்பு நோய் இருக்கிறது, ஐந்து வயது மகளை அவளிடம் விட்டுவைப்பது ஆபத்து, தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று பிரிந்துபோன கணவன் சுருளி மனு போட்டிருக்கிறான். மாத்திரையை அவள் ஒருவேளைகூட விடுவதில்லை. வலிப்பு வந்து இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. இருந்தும் வராந்தாவில் குற்றம் செய்தவள் மாதிரி ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, பிள்ளைய வாங்கிருவாகளா?"

"என் வாய் இருக்கிற வரைக்கும் வாங்க முடியாது, போ."

எதிர்த்தரப்பு வக்கீல் இம்மானுவேல் சார் அந்தப் பக்கமாகப் போனவர் சிரித்தார். "மேடம் ரகசியம் பேசினாலே தல்லாகுளம் வரைக்கும் கேக்கும். எங்களுக்குக் கஷ்டந்தான்."

என் பிரஷர் மாத்திரை தீர்ந்துபோய்க் கொஞ்ச நாளாகிறது. பொங்கல் கழித்து வாங்கிக்கொள்ளலாம்.

ஜனவரி 27

எழுத வருகிறது. பேச வரவில்லை.

ஜனவரி 28

நடந்ததை எழுதி வைக்கிறேன். கை இன்னும் கோணலாகத்தான் ஓடுகிறது, ஆனால் ஓடுகிறது.

பொங்கல் லீவு முடிந்த பிறகு ஒரு நாள் காலை, கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் அழகு அடுப்படியிலிருந்து, "தோசை இன்னொண்ணு ஊத்தவா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். 'வேண்டாம்' என்ற சொல் மனதுக்குள் முழுசாக இருக்கிறது, கண்ணுக்கு முன்னால் எழுதி ஒட்டியதைப் போல. வாய் திறந்தால் 'ப்பொ' என்று ஒரு சத்தம். மறுபடியும் 'ப்பொ'. அவர் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தபடி திரும்பினார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. என் வாயின் வலது ஓரம் கீழே இழுத்திருந்தது, குடித்த தண்ணீர் தாடையில் ஒழுகியது. எனக்கு அது தெரியவே இல்லை.

அவர் யாரையும் கூப்பிடவில்லை, தைலம் தேடவில்லை. சட்டைகூட மாற்றாமல், அரைக்கைப் பனியனோடு காரை எடுத்தார். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, மூளை ரத்தக் குழாயில் இருந்த அடைப்பைக் கரைக்கிற ஊசி போட்டார்கள். "நேரத்துக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்க. இல்லன்னா கை காலும் போயிருக்கும்," என்று டாக்டர் தௌஹீத் சொன்னபோது, கணக்கு வாத்தியாரான என் புருஷன் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஜனவரி 30

டாக்டர் தௌஹீத் என் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடது பக்கம், முன்னால், ஒரு சின்ன வெள்ளைத் திட்டு. ஒரு புளியங்கொட்டை அளவு இருக்கும். இம்புட்டுக்காண்டு. இதற்குத்தானா இவ்வளவும்?

நான் காகிதத்தில் எழுதிக் கேட்டேன்: "எல்லாம் புரிகிறது. எழுத முடிகிறது. ஏன் பேச மட்டும் முடியவில்லை?"

"சொல்லைத் தேடி எடுக்கிற இடம் உங்களுக்கு நல்லா இருக்கு. கேட்டுப் புரிஞ்சுக்கிற இடமும் நல்லா இருக்கு. எடுத்த சொல்லுக்கு உதடு எப்ப மூடணும், நாக்கு எங்க தொடணும், மூச்சு எப்ப விடணும்னு வரிசைப்படுத்திக் கொடுக்கிற இடம் ஒண்ணு இருக்கு. ரத்தம் போகாம அங்க இருந்த நரம்பு செல்லு கொஞ்சம் செத்துப்போச்சு. உங்க நாக்குல பலம் இருக்கு. அதுக்கு உத்தரவுதான் சரியாப் போகல."

செத்த செல் திரும்ப முளைக்குமா என்று எழுதினேன்.

"முளைக்காது," என்றார். மழுப்பாமல் சொன்னது எனக்குப் பிடித்தது. "ஆனா அதைச் சுத்தி இருக்கிற செல்லுக சும்மா இருக்காது. ஒண்ணோட ஒண்ணு புதுசாத் தொடர்பு போட்டுக்கும். நீங்க திரும்பத் திரும்ப வேலை வாங்கினா, அந்தத் தொடர்பு பலமாகும். வேலை வாங்கலன்னா ஆகாது. மருந்து நான் தாரேன், பேச்சை நீங்கதான் வரவழைக்கணும்."

பிப்ரவரி 4

வீட்டுக்கு வந்தாயிற்று. தெப்பக்குளத்துக் காற்று ஜன்னலில் வருகிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் என் காதுக்குப் பக்கத்தில் வந்து கத்துகிறார்கள். "சா-ப்-டீ-யா?" காது கேட்கிறதய்யா! புத்தியும் இருக்கிறது! சின்ன மாமியார் என் தலையைத் தடவி, "பாவம், பச்சப்பிள்ள மாதிரி ஆயிட்டா" என்றார். நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே.

அழகு நல்லவர். அதுதான் இப்போது தொந்தரவு. எதற்கும் தலையாட்டுகிறார். நேற்று ரசத்தில் உப்பு அள்ளிக் கொட்டியிருந்தது. நான் முகத்தைச் சுளித்தேன். "ஆமா, ஆமா, சரி, சரி," என்று இன்னொரு கரண்டி ஊற்றினார். முன்பென்றால் அந்த ரசத்துக்கு அரை மணி நேரம் சண்டை நடந்திருக்கும். சண்டை போடக்கூட லாயக்கில்லாமல் ஆயிட்டேனா நான்?

பிப்ரவரி 9

தல்லாகுளத்தில் பேச்சுப் பயிற்சி. பயிற்சி கொடுப்பவர் சமீனா. என்னைவிட வயதில் இளையவர். முகத்துக்கு நேராக ஒரு கண்ணாடியை வைத்து, "என் உதட்டைப் பாருங்க, உங்க உதட்டைப் பாருங்க. 'மா'," என்றார்.

மா. உதட்டை மூடித் திறந்தால் போதும். கைக்குழந்தை சொல்லிவிடும். என் வாயிலிருந்து 'பூ' வந்தது. அப்புறம் 'போ'. அப்புறம் வெறும் காற்று.

வீடு வரும்வரை காரில் அழுதுகொண்டே வந்தேன்.

பிப்ரவரி 14

இன்று ஒன்று நடந்தது! கட்டில் காலில் சுண்டுவிரல் இடித்தது. உயிர் போகிற வலி. "அய்யோ சனியனே!" என்று கத்தினேன்.

கத்தினேன். நான். முழுசாக. எழுத்து எழுத்தாக.

அழகு குளித்துக்கொண்டிருந்தவர் சோப்பு நுரையோடு ஓடிவந்தார். "என்ன சொன்ன? திரும்பச் சொல்லு!" சொல்லப் பார்த்தேன். 'ச... ப... ப'. வரவில்லை. மறுபடி இடித்துக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது.

பிப்ரவரி 16

சமீனாவிடம் எழுதிக் காட்டினேன். அவர் கைதட்டினார். யோசித்துச் சொல்கிற பேச்சு ஒரு வழியில் வருகிறதாம். திட்டு, வணக்கம், ஒன்று இரண்டு மூன்று, தினமும் சொல்லிப் பழகிய பிரார்த்தனை, இதெல்லாம் மூளையில் வேறு வழியாகவும் வருமாம். என்னுடைய முதல் வழிதான் அடைபட்டிருக்கிறது.

"வருஷக்கணக்கா, யோசிக்காமலே நீங்க சொன்னது எது மேடம்?"

எதற்கு யோசிக்க வேண்டும்? எழுந்து நின்றேன். கோர்ட்டில் நிற்கிற மாதிரியே, கை இரண்டையும் மேஜையில் ஊன்றினேன். வாயைத் திறந்தேன்.

"யுவர் ஆனர்."

அந்தச் சின்ன அறை அதிர்ந்தது. என் குரல்! அதே குரல்! வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சமீனா, "மாஷா அல்லாஹ்" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. பரவாயில்லை. குரல் உள்ளே இருக்கிறது.

பிப்ரவரி 25

மலையம்மாள் வந்தாள், மகளையும் கூட்டிக்கொண்டு. அவள் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை. எழுதிக் கொடுத்தேன்: "வேறு வக்கீல் பார்த்துக்கொள். நல்லவராக நானே சொல்கிறேன்."

அவள் அதை எழுத்துக்கூட்டி வாசித்து மடித்து வைத்துவிட்டாள்.

"அக்கா, எனக்கு வலிப்பு வந்து தெளியும்போது கொஞ்ச நேரம் வாய் வராது. சுத்தி நிக்கிறவுக பேசுறது பூராம் கேக்கும். இவள எங்கயாச்சும் சேத்துவிட்டுருங்கம்பாக. பிள்ளையத் தூக்கிட்டுப் போங்கம்பாக. எங்கிட்ட ஒருத்தர் கேக்க மாட்டாக. ஆபீசுக்கு மொத நாளு வந்தப்ப, 'உனக்கு என்ன வேணும், நீ சொல்லு'ன்னு கேட்டது நீங்கதான். நீங்க பேசுற வரைக்கும் நான் இருக்கேன்."

"பேசாவிட்டால்?" என்று எழுதினேன்.

"அதெல்லாம் பேசிருவீக," என்றாள், பஸ் வந்துவிடும் என்று சொல்வது போல.

குழந்தை என் மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துச் சிரித்தது. அவர்கள் போன பிறகு முகம் பார்க்கிற கண்ணாடி முன் உட்கார்ந்தேன். மா. மா. மா. கடைசியில் ஒன்று சரியாக வந்தது. அடுத்து வந்ததும் சரியாக இருந்தது.

மார்ச் 12

சுருளியைக் குறுக்கு விசாரணை செய்ய இன்றைய தேதி. போயிருக்கக் கூடாது. சமீனா வேண்டாம் என்றுதான் சொன்னார். பிடிவாதம் எனக்கு.

எழுந்தேன். "யுவர் ஆனர்" வந்தது, கம்பீரமாக. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அப்புறம் 'மனுதாரர்' என்று சொல்ல வேண்டும். ம... பனு... ம... நாக்கு எங்கே போவது என்று தெரியாமல் வாய்க்குள் அலைகிறது. வியர்த்துக் கொட்டுகிறது. பின்னால் யாரோ சிரித்தார்கள். சுருளி முதலில் தலையைக் குனிந்திருந்தான், அப்புறம் நிமிர்ந்து என்னையே பார்த்தான்.

இம்மானுவேல் சார் எழுந்து, "மேடத்துக்கு உடம்பு சரியில்ல, வாய்தா கொடுத்தா எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதுதான் அதிகமாகச் சுட்டது. நீதிபதி அம்மா, "கேள்விய எழுதிக் குடுங்கம்மா, வாசிக்கச் சொல்றேன்" என்றார். முடியாது என்று தலையாட்டினேன். ஒரு பதிலில் ஆளின் முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்துத்தான் அடுத்த கேள்வி பிறக்கும். அதை முன்கூட்டி எழுதிவைத்து என்ன பயன்? நீதிபதி அம்மா வழக்கைக் கோடை விடுமுறை கழித்து, ஜூனுக்குத் தள்ளிவைத்தார்.

மலையம்மாள் வெளியே என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மார்ச் 13

எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 20

சமீனா இன்று திட்டினார். அழகாகத் திட்டுகிறார். "மேடம், நீங்க பழைய சரண்யாதேவியாவே திரும்பணும்னு பாக்குறீங்க. ஒரே மூச்சுல அரைப் பக்கம் பேசுறவங்க அவங்க. இப்ப ஒரு மூச்சுல எம்புட்டு வருதோ, அம்புட்டு மட்டும் பேசுங்க. மிச்சத்தை அடுத்த மூச்சுக்கு வைங்க."

இடது கையால் மேஜையில் தட்டிக்கொண்டே ஒவ்வோர் அசையாகச் சொல்ல வைத்தார். தாளம் சேர்ந்தால் வலது பக்க மூளையும் கைகொடுக்கும் என்பது அவர் நம்பிக்கை. கைகொடுக்கிறதோ இல்லையோ, சொல் வருகிறது. பிள்-ளை. எங்-க. இருந்-துச்-சு.

வீட்டுக்கு வந்து என் பழைய கேள்விகளை எடுத்துப் பார்த்தேன். 'வலிப்பு நோய் உள்ள ஒருவரால் குழந்தையைப் பாதுகாப்பாகப் பராமரிக்க இயலாது என்று தாங்கள் கூறுவது முற்றிலும் தவறானது என்கிறேன், சரியா?' இதற்குச் சாட்சி என்ன சொல்வான்? 'தவறு' என்பான், உட்கார்ந்துவிடுவான். இத்தனை வருஷமும் இப்படித்தானா கேட்டுக்கொண்டிருந்தேன்?

எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். இரண்டு சொல், மூன்று சொல். அதற்கு மேல் ஒரு கேள்வியும் கிடையாது.

ஏப்ரல் 23

கள்ளழகர் ஆற்றில் இறங்கியாயிற்று. ஊரே வைகையில்தான் கிடக்கிறது. நாங்களும் போனோம். அந்தக் கூட்டத்தில், அந்த மேளத்தில், யாருக்கும் யார் பேசுவதும் கேட்கவில்லை. எல்லோரும் என்னைப் போலவே துண்டு துண்டாகத்தான் கத்திக்கொண்டிருந்தார்கள்.

மோர்ப் பந்தலுக்கு முன்னால் போய் நின்றேன். அழகு பின்னால் இருந்தார். தொடையில் கையால் தட்டினேன். "அண்ணே. ரெண்டு. மோர்."

பந்தல்காரர் இரண்டு டம்ளர் கொடுத்தார். என் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். இதைவிடப் பெரிய மரியாதை எனக்கு இந்த மூன்று மாதத்தில் யாரும் செய்யவில்லை. மோர் புளித்துக்கிடந்தது. மடக் மடக்கென்று குடித்தேன்.

மே 18

வெயிலில் வீட்டுக்குள்ளேயே கோர்ட் நடத்துகிறோம். அழகுதான் சுருளி. முக்காலி போட்டுச் சாட்சிக் கூண்டு. ஆனால் நான் எதைக் கேட்டாலும் "ஆமா, ஆமா" என்கிறார். ஒரு சொல்லில் திணறினால் அவரே அதை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்.

எனக்கு வந்ததே கோபம். "என்ன. மண்டைய. ஆட்டுறீங்க? நீங்க. சுருளி. பொய். சொல்லுங்க!"

சொல்லிவிட்டு நானே நின்றுவிட்டேன். யோசித்துச் சொன்ன பேச்சு அது. கையால் தட்டாமலே, அடைபட்ட வழியிலேயே வந்தது.

அவர் முக்காலியைவிட்டு எழுந்து வந்தார். "உன்னக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னு நெனச்சேன் தேவி," என்றார். "சொல் கிடைக்காம நீ தேடுறதப் பாக்க முடியல. அதான் நானே எடுத்துக் குடுத்துருறேன்."

"காத்திருங்க," என்றேன். "வரும்."

அதற்கப்புறம் பிரமாதமாகப் பொய் சொன்னார். கணக்கு வாத்தியாருக்கு இவ்வளவு வருமென்று தெரியாது.

ஜூன் 20

இன்று.

வரிசையாக எழுத வேண்டும்.

நீதிபதி அம்மா என்னைப் பார்த்து, "தயாராம்மா?" என்றார். "தயார். கொஞ்சம். மெதுவா. கேப்பேன்." "கேளுங்க. நேரம் இருக்கு."

சுருளி கூண்டில் ஏறினான். போன தடவை நான் திணறியதைப் பார்த்ததால் பயமில்லாமல் நின்றான்.

"என்ன. வேலை?"

"திருப்பூர்ல பனியன் கம்பெனி."

"தீபாவளிக்கு. எங்க. இருந்தீங்க?"

"திருப்பூர்லதான். ஓவர்டைம் இருந்துச்சு."

"பிள்ளை?"

"அது... அவகிட்ட."

அடுத்த சொல் எனக்கு வரவில்லை. 'பொங்கலுக்கு' என்று ஆரம்பிக்க வேண்டும். மனதுக்குள் ப... ப... என்று மேஜைக்கு அடியில் தட்டிக்கொண்டே இருக்கிறேன். கோர்ட்டே அமைதியாக இருக்கிறது. இம்மானுவேல் சார் எனக்குச் சொல்லெடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார். கையை உயர்த்தி நிறுத்தினேன். அப்போதுதான் கவனித்தேன், அந்த மௌனம் என்னைவிடச் சுருளியை அதிகமாக வாட்டுகிறது. நான் தேடுகிறேன் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் பதில் போதவில்லை, அதனால் காத்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டான்.

"பொங்கலுக்கும் வர முடியல," என்று அவனாகவே சொன்னான். "பிள்ளைக்கு அம்மை போட்டப்பவும் நான் இல்ல. லீவு குடுக்கல மேடம்."

என் கேள்வியே தேவைப்படவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன். வியர்வை. கெட்டவன் இல்லை அவன், யாரோ ஏற்றிவிட்டிருக்கிறார்கள் என்று அந்த முகம் சொன்னது. எழுதிவைத்திருந்த கேள்விகளை விட்டுவிட்டேன்.

"அம்மை. போட்டப்ப. யாரு. பாத்தா?"

"அவதான்."

"பயம். இல்லையா. உங்களுக்கு?"

காத்திருந்தேன். இந்தத் தடவை சொல் கிடைக்காமல் இல்லை. வேண்டுமென்றேதான் காத்திருந்தேன்.

சுருளி மலையம்மாளைப் பார்த்தான். "பயமெல்லாம் இல்லங்க. அவ நல்லாத்தான் பாத்துக்கிருவா. எங்க வீட்டு ஆளுகதான் வலிப்புக்காரி வலிப்புக்காரின்னு..." பாதியில் நிறுத்திவிட்டான்.

நீதிபதி அம்மா தட்டச்சு செய்பவரிடம் திரும்பி, "பயம் இல்லை, நன்றாகப் பார்த்துக்கொள்வாள். அப்படியே பதிவு செய்யுங்க," என்றார்.

"வேற. கேள்வி. இல்லை. யுவர் ஆனர்."

வராந்தாவில் மலையம்மாள் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டாள்! கோட்டு கவுனோடு! இம்மானுவேல் சார் வந்து நின்றார். "மேடம், முன்னாடி நீங்க நிறையப் பேசுவீங்க, எனக்குத் தப்பிக்க இடம் கிடைக்கும். இனிமே எங்க போறது?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் கை கொடுத்துவிட்டுப் போனார்.

ஜூலை 16

தீர்ப்பு. மகள் அம்மாவிடமே இருப்பாள். மாதத்தில் இரண்டு ஞாயிறு அப்பா வந்து பார்த்துக்கொள்ளலாம். வலிப்பு என்பது மூளை நரம்புகளில் வருகிற ஒரு நோய், மருந்தால் கட்டுப்பட்டிருக்கிறது, அதை மட்டும் காட்டி ஒரு தாயைத் தகுதியற்றவள் என்று சொல்ல முடியாது. நீதிபதி அம்மா வாசித்தபோது இம்மானுவேல் சார்கூடத் தலையசைத்தார்.

மலையம்மாள் கேட்டாள்: "அக்கா, இனிமே நான் வெளிய சொல்லலாமா, எனக்கு வலிப்பு இருக்குன்னு?"

"சத்தமா. சொல்லு."

ஆகஸ்ட் 5

டாக்டர் தௌஹீத் பிரஷர் பார்த்தார், நன்றாக இருக்கிறது. புது ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை என்றார். "அந்தத் திட்டு அப்படியேதான் இருக்கும். அதைச் சுத்திப் போற வழியை நீங்க போட்டுட்டீங்க. இப்ப நீங்க பேசுறதே எனக்கு ஸ்கேன்." களைத்துப்போனால் 'ழ' இன்னும் வழுக்குகிறது. வழுக்கட்டும்.

ஆகஸ்ட் 19

காலையில் அழகு பேப்பரோடு உட்கார்ந்தார். நேற்று வந்த புது வழக்கைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அப்புறம் எதிர்வீட்டு மாடிக் கட்டுமானம், அப்புறம் அவர் வாங்கிவந்த சொத்தைக் கத்தரிக்காய், அப்புறம் மறுபடியும் வழக்கு.

அவர் பேப்பரை மடித்து வைத்தார். "அம்மா தாயே, கொஞ்சம் வாய மூடுறியா? காபி ஆறுது."

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். ஜனவரிக்குப் பிறகு என்னிடம் அவர் போடுகிற முதல் சண்டை.

"ஆறட்டும்," என்றேன். கத்தரிக்காயிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.